நிமிடத்துக்குப் பதினோரு லிட்டர்

சனிக்கிழமை, மாலை ஐந்து மணி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு, உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள் அன்போடும் வணக்கத்தோடும், இன்று மட்டும் சற்றுப் பெருமையோடும் எழுதுவது.

இங்கே நாங்கள் நான்கு பேரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வையுங்கள். இதைப் போன முறையும் சொன்னேன். ஆனால் முக்கியமான பாடத்தை இரண்டு தடவை நடத்துவதில் தவறில்லை. உங்கள் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், என் வீட்டுக்காரரைச் சீட்டாட்டத்தில் தோற்கடிக்கிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். போனில் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள், நான் வரிசை மாறிவிடுவேன். சொல்லப்போகும் விஷயத்தை வரிசையாகச் சொன்னால்தான் அதன் மகத்துவம் விளங்கும்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? கல்யாணமாகி இந்த ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு மனசு சரியாக இருப்பதில்லை. வாரத்தில் ஆறு நாள் பிள்ளைகள் இருவரும் காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். "சாப்பிட்டாச்சா", "கதவைப் பூட்டியாச்சா" என்ற இரண்டு கேள்விகளோடு அன்றைய உறவு முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் யாரோ பெற்ற பிள்ளைகளோடுகூட எனக்கு வாரத்துக்கு ஐந்து பாடவேளை கிடைத்தது. நான் பெற்ற பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஒரே ஒரு ஞாயிறுதான். அந்த ஞாயிறன்று சரியாக எட்டு மணிக்கு உங்கள் மகள் துணிப்பையில் துண்டையும் சீப்பையும் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து நிற்பாள். "அத்தை, நம்ம ஷவர்ல தலை அலசினா நுரை போறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். அம்மா வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு வந்துடறோம்" என்பாள். என் மகன் வண்டிச் சாவியோடு பின்னால் நின்று கூரையைப் பார்ப்பான். அந்தக் குளியல் காலை எட்டு மணிக்குத் தொடங்கி இரவு எட்டு மணிக்கு முடியும். இடுப்புவரை முடி உள்ள பெண், சரி. ஆனாலும் பன்னிரண்டு மணி நேரம்.

மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. எங்கள் ஷவர் அப்படி. தண்ணீர் வரும், வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வரும். நேர் கீழே நின்றால் நனையாது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றால் இடது தோள் மட்டும் நனையும். வீடு பழசு, குழாய் பழசு, என்ன செய்வது என்று இருபது வருடங்களுக்கு மேலாக நாங்களே எங்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். தண்ணீர் வழங்கும் அலுவலகத்துக்கு மட்டும் நான் இதுவரை ஒன்பது புகார்க் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். அங்கிருந்து ஒரு அதிகாரி இரண்டு முறை வந்து, வாசல் குழாயைத் திறந்து பார்த்து, "இங்க நல்லாத்தானே வருது டீச்சர்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று வாரங்களுக்கு முந்தைய ஞாயிறு. அவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். அவர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, "மணி ஒண்ணு பத்து. இனிமே எட்டு வரைக்கும் என்ன பேசலாம்?" என்று கேட்டார். நாற்பது வருடம் குடும்பம் நடத்திய பிறகு ஒரு மனுஷன் இப்படிக் கேட்டால் அது சாதாரண நிலைமை இல்லை. அன்றைக்கு, அந்த நிமிடத்தில், நான் முடிவு செய்தேன். உங்கள் வீட்டு ஷவரை என் வீட்டு ஷவர் தோற்கடிக்க வேண்டும். என் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பி வர வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் புது அடுக்குமாடியில், ஏழு மாடிக்கு மேலே இருக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் பிடிக்கிறவர்கள். போட்டியில் உங்களுக்கு ஆரம்பத்திலேயே ஏழு மாடி சலுகை உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்த நோயையும் முதலில் அளக்க வேண்டும். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் போதாது, எத்தனை டிகிரி என்று தெரிய வேண்டும். பத்து லிட்டர் வாளி ஒன்றை ஷவருக்குக் கீழே வைத்தேன். என் வீட்டுக்காரர் கடிகாரத்தோடு வாசற்படியில் நின்றார். வாளி நிறைய மூன்று நிமிடம் இருபது வினாடி. அதாவது நிமிடத்துக்கு மூன்று லிட்டர். "பஸ்ஸா இருந்தா நோட்டீஸ் குடுத்திருப்பேன்" என்றார் அவர்.

முதல் சிகிச்சை வினிகர். ஷவர் முகத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டி முக்கால்வாசித் துளைகள் அடைபட்டிருந்தன. இதற்கு மருந்து, ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் முகம் அதற்குள் மூழ்கும்படி ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, ஒரு ராத்திரி விட்டுவிடுவது. கட்டினேன். வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். என் மகனிடமும் சொன்னேன், அவன் "சரிம்மா" என்றான். அவன் "சரிம்மா" என்று சொன்னால் காதில் விழவில்லை என்று அர்த்தம், இதை அவன் ஆறாம் வகுப்பில் படிக்கும்போதே நான் குறித்துவைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை அரைத் தூக்கத்தில் போய்க் குழாயைத் திருகினான். பை உப்பி, வளையம் தெறித்து, ஒரு ராத்திரி ஊறிய சுண்ணாம்பும் வினிகரும் அவன் தலையில் இறங்கின. இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் அன்று முழுவதும் "யாரு சாலட் கொண்டு வந்தது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஷவர் முகம் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தது. அளந்தோம். மூன்று நிமிடம் ஐந்து வினாடி. பதினைந்து வினாடி லாபம். தேர்வில் முப்பது எடுத்த பையன் முப்பத்திரண்டு எடுத்திருக்கிறான். முன்னேற்றம்தான், ஆனால் பாஸ் இல்லை.

இரண்டாவது சிகிச்சையை என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலேயே செய்தார். கடைக்குப் போய்ச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஷவர் முகத்தை வாங்கிக்கொண்டு வந்து, பழையதைக் கழற்றி, அதை மாட்டி, எங்களை வரிசையாக நிற்கவைத்துத் திறந்தார். இருநூறு துளைகள். இருநூறிலும் ஒவ்வொரு துளி திரண்டு, தொங்கி, யோசித்து, விழுந்தது. ஒரே ஒரு சாக்பீஸை உடைத்து நாற்பது பிள்ளைகளுக்குக் கொடுத்தால் யாரும் எழுத முடியாது. வருகிற தண்ணீர் மூன்று லிட்டர்தான். வாயை அகலமாக்கினால் அது கூடிவிடுமா? இதை நான் பொறுமையாக விளக்கினேன். அவர், "பாக்க நல்லா இருக்குல்ல?" என்று உங்கள் மகளிடம் கேட்டார். அவளும் நல்ல பெண், "ரொம்ப கம்பீரமா இருக்கு மாமா" என்றாள். அந்தத் தட்டு இப்போது கொல்லைப்புறத்தில் காக்கை தண்ணீர் குடிக்க, கழுத்தை அடைத்து மல்லாத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

அதன் பிறகுதான் குழாய் மேஸ்திரியைக் கூப்பிட்டோம். எங்கள் தெருவில் அவருக்குப் 'பொறுங்க' என்று பெயர். எதைச் சொன்னாலும் "பொறுங்க" என்பார், அப்புறம்தான் மற்ற பேச்சு. நேரக் காப்பாளரையும் பொறுங்கவையும் ஒரே வீட்டில் விடக் கூடாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். மாடியில் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் இடத்தில் ஒரு பழைய வால்வு, சக்கரம் போல் கைப்பிடி வைத்தது, பாதி மூடிய நிலையிலேயே துருப்பிடித்து நின்றுவிட்டிருந்தது. பொறுங்க அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பொறுங்க. முதல்ல தொட்டியக் காலி பண்ணணும். அப்புறம்தான் இதுல கை வைக்கணும். நான் சாமான் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனார். கால் மணி நேரம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "இது என்ன பெரிய வித்தை, ஒரு திருகு" என்றார். திருகினார். சக்கரம் அவர் கையோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்திலிருந்து தண்ணீர் சுவரில் அடித்துப் படிக்கட்டில் இறங்கியது. அவர் சட்டென்று கட்டைவிரலை ஓட்டையில் வைத்து அடைத்தார். எடுத்தால் வீடு நனையும், எடுக்காவிட்டால் அவர் அங்கேயே நிற்க வேண்டும். நான் ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டு, அவருக்குப் பொழுது போகட்டும் என்று செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். குறுக்கெழுத்தில் ஐந்து விடை கண்டுபிடித்தோம். நாற்பத்தைந்து நிமிடம் கழித்துப் பொறுங்க வந்து, நின்று, பார்த்து, "பொறுங்கன்னு சொன்னேன்ல சார்" என்றார். "பொறுத்துக்கிட்டுத்தான்யா நிக்கிறேன்" என்றார் இவர்.

புது வால்வு போட்டாயிற்று, கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் முழுதும் திறக்கிற வகை. கீழே இறங்கி வந்து சமையலறைக் குழாயைத் திறந்தேன். பாத்திரத்தில் விழுந்த தண்ணீர் எகிறி என் கண்ணாடியைக் கழுவிவிட்டது. வீடு முழுக்க எல்லாக் குழாயும் பாய்கிறது. நாலு பேரும் குளியலறைக்கு ஓடினோம். ஷவரைத் திறந்தேன். இடது தோள். அளந்தால் இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி. அன்றைக்கும் ஞாயிறு, மணி எட்டரை ஆகியிருந்தது. உங்கள் மகள் மெதுவாக, "அத்தை, நாங்க போயிட்டு வந்துடவா?" என்றாள். வகுப்பே பாஸாகி ஒரே ஒரு பையன் மட்டும் பெயிலானால் அந்த ஒருவன் முகம்தான் ராத்திரி தூங்கவிடாது. எனக்கு அந்த ஷவர் அப்படி ஆகிவிட்டது.

பொறுங்க இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, அழுத்தத்துக்கு ஒரு மோட்டார் வைப்பது. நாற்பது வயதுக்கு மேலான இரும்புக் குழாய்க்குள் மோட்டாரை விட்டால், மூட்டு வலிக்காரியை ஓட்டப்பந்தயத்தில் விட்டது போல. எங்கே எது பிய்யும் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்றேன். மற்றது, தொட்டியை இன்னும் இரண்டடி உயர்த்துவது. இதற்கு நான் மாடியிலேயே ஒரு பாடம் நடத்தினேன். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கத்தில் மேலிருந்து கீழாக மூன்று துளை போட்டு, தண்ணீர் ஊற்றிப் பிடித்தேன். மேல் துளையில் தண்ணீர் சோம்பலாக வழிந்தது, நடுத் துளையில் கொஞ்சம் எட்டிப் பாய்ந்தது, அடித் துளையில் எல்லாவற்றையும்விட வேகமாகப் பீய்ச்சியது. "தலைக்கு மேல எவ்வளவு உயரத் தண்ணி நிக்குதோ அவ்வளவு வேகம். சரியா?" என்றேன். "இதைத்தானே நானும் சொல்றேன் டீச்சர், தொட்டிய ஏத்துவோம்" என்றார் பொறுங்க. "இப்ப தொட்டி ஷவருக்கு மேல பதினஞ்சு அடி இருக்கு. ரெண்டடி ஏத்தினா பதினேழு. பதினஞ்சு மார்க் எடுத்தவனுக்கு ரெண்டு மார்க் சேத்துப் போட்டா முதல் வகுப்பாயிடுவானா?" பொறுங்க பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பொறுங்க, இந்த பாட்டில நான் எடுத்துக்கவா? இதக் காமிச்சா எல்லா வீட்லயும் புரியும்" என்றார். கொடுத்தேன்.

வகுப்பில் எவனோ ஒருவன் பூனை போல் கத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரையும் திட்டக் கூடாது. ஒவ்வொரு வரிசையாக வெளியே அனுப்ப வேண்டும். எந்த வரிசை போனதும் பூனை நிற்கிறதோ, அந்த வரிசையில் இருக்கிறான். நானும் அப்படியே செய்தேன். பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, தொட்டியில் தொடங்கி வீட்டிலுள்ள ஒவ்வொரு குழாயையும் வாளி வைத்து அளந்தேன். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தன. குளியலறையில் ஷவருக்கு நேர் கீழே முழங்கால் உயரத்தில் ஒரு குழாய் இருக்கிறது. அது நாற்பத்தைந்து வினாடி. அதே சுவர், அதே குழாய், நாலரை அடி மேலே போனால் இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி. கீழே இருப்பதால் கொஞ்சம் வேகமாக வரலாம். நான்கு மடங்கு வராது. வீடு குற்றவாளி இல்லை, தொட்டி குற்றவாளி இல்லை, தண்ணீர் அலுவலகம் நிச்சயமாகக் குற்றவாளி இல்லை. பூனை அந்த நாலரை அடிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

நேற்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிள்ளைகளும் சீக்கிரம் வந்துவிட்டார்கள். பொறுங்க சுவரிலிருந்து ஷவரின் கையைத் திருகிக் கழற்றினார். நான் குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் அடித்தேன். மற்ற மூவரும் வாசலில். அவர் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் துழாவி, இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தார். கறுப்பாக, வட்டமாக, ஒரு பொத்தான் அளவில் ஒரு ரப்பர் துண்டு. நடுவில் ஊசி முனை போல ஒரே ஒரு துளை. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "துரு இல்ல, மண்ணு இல்ல. யாரோ வேணும்னே செஞ்சு சொருகியிருக்காங்க. என்னா அளவா வெட்டியிருக்காங்க பாருங்க. நடுவுல துளை நடுவுலயே இருக்கு. படிச்சவங்க வேலை டீச்சர் இது" என்றார்.

அந்தத் துளையைப் பார்த்ததும் எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. அது கவராயத்தின் முனையால் போட்ட துளை. கவராயம் என்னுடையது.

சம்பந்தி அம்மா, இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீங்களும் ஒரு தாய். என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது காலையில் ஷவருக்கு அடியில் போய் நின்றால் முக்கால் மணி நேரம் வெளியே வர மாட்டான். பாடுவான். தொட்டி காலியாகும், பள்ளிக்குத் தாமதமாகும், மற்ற ஆசிரியர்கள் என்னிடம் வந்து "உங்க பையன்" என்று இழுப்பார்கள். ஒரு நாள் நான் அரை நாள் விடுப்பு எடுத்து வந்து, என் வீட்டுக்காரரின் சைக்கிள் சாமான்களிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்து, ஒரு செருப்பின் அடியை வட்டமாக வெட்டி, கவராயத்தால் குத்தி, ஷவருக்குப் பின்னால் சொருகி மூடிவிட்டேன். தேர்வு முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவன் ஐந்து நிமிடத்தில் குளித்துவிட்டு வர ஆரம்பித்தான். தேர்வு முடிந்தது, நல்ல மதிப்பெண் வாங்கினான், அந்த மகிழ்ச்சியில் ரப்பர் துண்டு எனக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. இருபத்திரண்டு வருடம். நாம் இரண்டு குடும்பமும் முதல் முதலாகச் சந்தித்தபோது, "என் பையன் எதிலும் நேரத்தை வீணாக்க மாட்டான், அஞ்சு நிமிஷத்துல குளிச்சிடுவான்" என்று உங்களிடம் நான் பெருமையாகச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? அந்த நற்குணம் செருப்பில் வெட்டியது.

அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் பேசாமல் இருந்திருந்தால், பழி முன்பு வீடு கட்டிய மேஸ்திரி தலையில் விழுந்திருக்கும். அவர் இப்போது உயிரோடும் இல்லை. ஆனால் முப்பத்தாறு வருடம் வகுப்புகளுக்குள் நுழைந்து "யார் செஞ்சது, எழுந்து நில்" என்று சொன்னவள் நான். ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன். சொன்னேன்.

என் மகன், "அம்மா, எனக்குக் குளிக்கிறதே பிடிக்காம போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேனேம்மா" என்றான். என் வீட்டுக்காரர் ரப்பர் துண்டை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என் செருப்பு. அந்த வருஷம் ஒரு செருப்பு காணோம்னு பக்கத்து வீட்டு நாய் மேல பழி போட்டோம். அவங்க நம்மகூட ஒரு வருஷம் பேசல" என்றார். "வலதா இடதா?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது, வாய் தவறிக் கேட்டுவிட்டேன். உங்கள் மகள் அதுவரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நான் பயந்து போய் முதுகைத் தடவினேன். சிரிப்புதான். பொறுங்க மட்டும் மரியாதையாக, "பொறுங்க, எல்லாரும் சிரிக்காதீங்க. இருபத்திரண்டு வருஷம் ஒரு சொட்டு ஒழுகல. அந்த வேலைய நாம மதிக்கணும்" என்றார்.

ஷவரின் கையைத் திரும்ப மாட்டி, வாளியை வைத்து, திறந்தோம். சத்தமே வேறாக இருந்தது. இத்தனை வருடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்று பேசுவது போன்ற சத்தம். என் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "அம்பத்தஞ்சு வினாடி" என்றார். நிமிடத்துக்குப் பதினோரு லிட்டர், சம்பந்தி அம்மா. மோட்டார் இல்லை, தொட்டியை உயர்த்தவில்லை, சுவரை உடைக்கவில்லை. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு நான்தான் முதலில் குளித்தேன். நடுவில் நின்றேன். இரண்டு தோளும் நனைந்தன. உச்சந்தலையில் தண்ணீர் விழுந்து காது இரண்டும் அடைத்து, நான் பாட்டுக்கு அங்கே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது என் மகன் சுவர்க் கடிகாரத்தை விரலால் காட்டினான்.

உங்கள் மகளும் இன்று காலை குளித்தாள், முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு. "தண்ணி அடிக்குது அத்தை, சூப்பர்" என்றாள். "தலைக்கும் ஊத்திக்கிறதுதானேம்மா" என்றேன். "தலைக்கு நாளைக்குத்தானே அத்தை" என்றாள். நாளைக்கு என்றால் ஞாயிறு. ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்குக் கிடைக்கப்போகும் முதல் ஞாயிறு. என்ன பேசுவது என்று ஒரு தாளில் குறித்தே வைத்துவிட்டேன், பதினான்கு விஷயம்.

ஆகவே, இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தலை அலசுவதற்காகப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் உங்களிடம் வந்து உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டியிருக்காது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் ஷவரை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். உங்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம்: பத்து லிட்டர் வாளியை உங்கள் ஷவருக்குக் கீழே வைத்து எத்தனை வினாடியில் நிறைகிறது என்று பார்த்து எழுதி அனுப்புங்கள். போட்டிக்காகக் கேட்கவில்லை, என் நாட்காட்டியில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. ஐம்பத்தைந்துக்கு மேல் வந்தால் வருத்தப்படாதீர்கள், வினிகர் முறையை விளக்கி எழுதுகிறேன். தண்ணீர் அலுவலக அதிகாரிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் போய் நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாய் இல்லை, அவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் முழங்காலும் மனமும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வீட்டில் எல்லோருடைய வணக்கத்தையும் உங்கள் மகளின் முத்தத்தையும் சேர்த்து அனுப்பி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்பைப் பெரிதாக மதிக்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: ஞாயிறு, காலை எட்டேகால். மேலே எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுத நேரமில்லை. சரியாக எட்டு மணிக்கு உங்கள் மகள் துணிப்பையோடு வந்து நின்றாள். உள்ளே துண்டு, சீப்பு. பின்னால் என் மகன், சாவி, கூரை. "எங்கேம்மா?" என்றேன். "அம்மா வீட்டுக்கு அத்தை. தலை குளிக்கணுமே." "அதான் ஷவர் சரியாயிடுச்சே?" அவள் அவனைப் பார்த்தாள். அவன் செருப்பு அலமாரியைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அம்மா, அங்க ஷவரே கிடையாதும்மா. ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு குவளை" என்றான். நான்கு தடவை உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன், ஒருமுறைகூடக் குளியலறையை எட்டிப் பார்க்கவில்லை. ஏழு மாடியையும் நானே கணக்குப் போட்டு, ஷவரையும் நானே மாட்டிவிட்டிருக்கிறேன். உங்கள் மகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அம்மா என்னை ஸ்டூல்ல உக்கார வச்சு, வெந்நீர் விளாவி, அவங்களே ஊத்தி அலசி விடுவாங்க அத்தை. நான் போகலேன்னா அவங்களுக்கு அந்த வாரமே ஓடாது. எனக்கும்தான். முப்பது வயசுல அம்மா தலை அலசி விடறாங்கன்னு உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஷவர் மேல பழியப் போட்டா யாருக்கும் வருத்தம் இல்லேன்னு நெனச்சேன்."

பதினோரு லிட்டரை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்? வீட்டுப்பாடத்தை ரத்து செய்கிறேன். பதினான்கு விஷயம் எழுதிய தாளை மடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து அவளே, "நீங்களும் வாங்களேன் அத்தை" என்றாள். என் வீட்டுக்காரர் ஷவருக்குள் போய் அரை மணி ஆகிறது, தட்டினால் பதில் இல்லை, அவருக்குச் சாப்பாடு மூடி வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை உங்கள் கையில் நானே தருவேன். இதைப் படித்து முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் மகள் இப்போது உங்களுக்குப் போன் செய்து வெந்நீர் இன்னொரு பாத்திரம் கூடுதலாக வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், யாருக்கு என்று மட்டும் சொல்லவில்லை. என்னிடமும் ஒரு துண்டு இருக்கிறது.